பறவைக்கா விலை, பகலுக்கா?

வேட்டை விடுதி ஒன்றின் கட்டணப் பட்டியலைக் கையில் எடுப்பவர்கள் முதலில் தொகையைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது அலகு. பறவை ஒன்றுக்கா, துப்பாக்கி ஒன்றுக்கா, பொழுது ஒன்றுக்கா என்ற கேள்விக்குப் பட்டியல் தரும் பதிலே, அன்றைய வேட்டை எப்படி நடக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானித்துவிடுகிறது. தொகை சந்தைக்கு ஏற்ப ஏறும், இறங்கும். அலகு மாறினாலோ வேட்டையின் குணமே மாறுகிறது. ஆகவே விலை அதிகமா, மலிவா என்பது இங்கே கேள்வியில்லை. நாயை முன்னிறுத்திப் புல்வெளியும் புதரும் நடந்து பறவை வேட்டையாடும் ஒரு நாளுக்கு விலை வைக்க இன்று புழக்கத்தில் இருப்பவை நான்கு முறைகள். அவற்றுள் எது தன் தர்க்கத்துக்கு உண்மையாக நிற்கிறது என்பதே இங்கு ஆராயப்படுவது.

அளவுகோல்கள் மூன்று. முதலாவது, செலவு எங்கே விழுகிறதோ அங்கேயே கட்டணமும் விழ வேண்டும். இரண்டாவது, கட்டணம் களத்தில் கெட்ட நடத்தையைத் தூண்டக் கூடாது. குறிப்பாக நாயின் உயிரையும் பறவையின் நாளைய பெருக்கத்தையும் பணயம் வைக்கக் கூடாது. மூன்றாவது, எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது வாடிக்கையாளருக்குப் பட்டியலிலேயே தெரிய வேண்டும். வேட்டை கூடுமா, கூடாதா என்பது தனி வழக்கு. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோடு இந்தியாவில் அது பெரும்பாலும் முடிந்துபோன வழக்கு. சட்டம் அதை அனுமதிக்கும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதற்கு வைக்கப்படும் விலை நேர்மையானதா என்பதோடு இந்த ஆய்வு நின்றுகொள்கிறது.

செலவிலிருந்து தொடங்குவோம். நாயோடு நடக்கும் வேட்டையில் விலை உயர்ந்த கருவி துப்பாக்கி அல்ல, நாய்தான். பாயின்டர், செட்டர், பிரிட்டனி, ஜெர்மன் ஷார்ட்ஹேர் என எந்த இனமானாலும், பறவையின் வாடையைக் காற்றில் பிடித்துச் சிலையாக நின்று சுட்டிக்காட்டும் நாய் பழகி முடிய ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகும். மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை அதன் நல்ல காலம். அதன் பிறகு மூக்கு இருந்தாலும் கால் தளரும். முழு வேகத்தில் ஓடும் நாயை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவது அதற்குச் செய்யும் கொடுமை. ஆகவே முழு நாளை விற்கும் வழிகாட்டிக்கு ஒன்றிரண்டு நாய் போதாது. மாற்றி மாற்றி இறக்க ஒரு பட்டாளமே வேண்டும். முள்கம்பி கிழிக்கும், புல்லின் கூர்முனை காதுக்குள் ஏறும், முள்ளம்பன்றியின் முட்கள் முகத்தில் தைக்கும், அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பாம்பு கடிக்கும். காயம்பட்ட நாய் படுத்திருக்கும் நாட்களுக்கு மாற்று நாயும் தேவை.

கணக்கு விளங்குவதற்காக மட்டும் சில எண்களைக் கற்பித்துக்கொள்வோம். ஒருவரிடம் எட்டு நாய்கள். ஒவ்வொன்றையும் வேலைக்குத் தயாராக்க 5,000 டாலர். அது ஏழு பருவங்கள் உழைக்கும். தீனி, மருத்துவம், கூண்டு, கழுத்துப்பட்டைக் கருவி என்று நாய் ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,500 டாலர். எட்டுக்கும் சேர்த்துத் தேய்மானம் சுமார் 5,700, பராமரிப்பு 12,000. மொத்தம் 17,700 டாலர். பருவத்தில் 60 நாட்கள் விற்றால் நாளொன்றுக்கு நாய்ச்செலவு மட்டும் 295 டாலர். மழையும் ரத்தும் போக 45 நாட்களே விற்றால் அது 393-ஐத் தாண்டும். இந்த எண்களை எப்படி மாற்றிப் போட்டாலும் கணக்கின் வடிவம் மாறுவதில்லை. வேட்டைக்கு வருபவர் இருவரா நால்வரா, விழுந்தது இரண்டு பறவையா இருபதா என்பதெல்லாம் இந்தச் செலவைத் தொடுவதே இல்லை. நாய் பன்னிரண்டு மாதம் தின்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் காடைப் பருவமோ நவம்பர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி இறுதியில் முடிந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் ஓடும் செலவைச் சில வாரங்களின் மேல் பரப்புவதே இத்தொழிலின் மூலச்சிக்கல். இந்தச் சிக்கலை ஒரு கட்டணமுறை எதிர்கொள்கிறதா, மறைக்கிறதா என்பதில்தான் அதன் தரம் தெரியும்.

முதலில் பிரிட்டன். அங்கே, ஆட்கள் பறவைகளை எழுப்பித் துப்பாக்கிகளை நோக்கித் துரத்தும் விரட்டு வேட்டையின் அலகு பறவை. கிரவுஸ் என்ற காட்டுப்பறவைக்கு இணை, அதாவது இரண்டு பறவை. எட்டு ஒன்பது துப்பாக்கிகள் சேர்ந்து ஒரு நாளை இத்தனை பறவை என்ற கணக்கில் வாங்குகிறார்கள். எண்ணிக்கை மிஞ்சினால் கூடுதல் கட்டணம். குறைந்தால் சில நிலங்களில் கழிவு, சிலவற்றில் ஒன்றுமில்லை. இந்த முறையின் முதல் நிறை, அதன் ஒத்திசைவு. பிரிட்டனின் பொருளாதாரப் பழமொழி ஒன்று இதை நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுகொண்டது: மேலே பறக்கும் ஃபெசன்ட்டின் மதிப்பு ஒரு கினி, சுட்டு விழுந்த பிறகு அரைக் கிரவுன். 21 ஷில்லிங் கொட்டி வளர்த்த பறவை விழுந்ததும் இரண்டரை ஷில்லிங்குக்குத்தான் விலைபோகிறது. வாங்குபவர் இறைச்சிக்கு விலை கொடுக்கவில்லை, பறத்தலுக்குத்தான் கொடுக்கிறார் என்று வெளிப்படையாகச் சொன்ன முறை இது. அதோடு, விடப்பட்ட ஃபெசன்ட்டுகளில் சுடப்படுபவை பொதுவாகப் பத்தில் நான்கைத் தாண்டுவதில்லை. விழும் ஒரு பறவையின் விலை, விழாத ஒன்றிரண்டின் செலவையும் சுமக்கிறது. அந்த அளவில் பறவைக்கு விலை வைப்பது செலவின் போக்குக்குப் பொருந்துகிறது.

குறையும் அதே இடத்தில்தான் முளைக்கிறது. பறவை அலகானதும் எல்லாமே எண்ணப்படும் பொருளாகிவிடுகிறது. பல ஒப்பந்தங்களில் தோட்டாவுக்கும் விழுந்த பறவைக்கும் ஒரு விகிதம் எழுதிவைக்கப்படுகிறது. வாக்களித்த எண்ணிக்கை கிடைக்காதபோது, குறை நிலத்தின் மேலா, சுட்டவர்களின் கையிலா என்று தீர்ப்பது அந்த விகிதம். அதற்காக நிலத்தைப் பராமரிக்கும் கேம்கீப்பர் வெடிச்சத்தங்களைக் கருவி வைத்து எண்ணுகிறார். விளையாட்டு என்று பேர் வைத்த ஒன்றில் சுடுபவரின் தவறும் ஒப்பந்தச் சான்றாகிவிடுகிறது. கடைசிச் சுற்றில் எண்ணிக்கை எட்டாவிட்டால் நடத்துபவர் பறவையைத் தேடி அலைகிறார். எட்டிவிட்டால் வாங்கியவர் பணத்துக்குப் பயந்து துப்பாக்கியைத் தாழ்த்துகிறார். இரு பக்கமும் வானத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்க்கின்றன.

சிவப்புக் கிரவுஸ் விஷயத்தில் மதிப்பீடு இன்னும் நுட்பமாக வேண்டும். அது வளர்த்து விடப்படும் பறவை அல்ல. ஹெதர் புதர் மூடிய மூர் நிலங்களின் காட்டுப்பறவை. 1831-ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டக் காலத்திலிருந்து அதன் பருவம் ஆகஸ்ட் 12-இல் தொடங்கி டிசம்பர் 10-இல் முடிகிறது. ஜூலையில் பாயின்டர்களை இறக்கி, நாய் சுட்டி எழுப்பிய பறவைகளை எண்ணித்தான் அந்த ஆண்டு எத்தனை நாள் விற்கலாம், விற்கலாமா கூடாதா என்றே முடிவு செய்கிறார்கள். மோசமான ஆண்டில் நாட்களை ரத்துசெய்யும் இந்தக் கட்டுப்பாடு பாராட்டத்தக்கது. இல்லாத பறவைக்கு யாரும் விலை கேட்பதில்லை. ஆனால் நல்ல ஆண்டின் இணைகளே வருமானம் என்றானதும், எண்ணிக்கையை ஏற்றும் அழுத்தம் நிலத்தின் மேல் விழுகிறது. ஹெதர் எரிப்பும், இரையுண்ணிகளை அழிப்பதும், சட்டத்தை மீறிப் பருந்தினங்கள் கொல்லப்படுவதும் மூர் நிலங்களைத் தொடர்ந்து வரும் குற்றச்சாட்டுகள். ஸ்காட்லாந்து 2024-இல் இயற்றிய சட்டம் கிரவுஸ் வேட்டைக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியதன் பின்னணி இதுதான். இதன் முழுப்பழியையும் விலை அலகின் மேல் சுமத்துவது நியாயமாகாது. அலகுக்கு அதில் பங்கே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது.

நாயின் தரப்பிலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் முறையின் பெரும் ஓட்டை தெரியும். விரட்டு வேட்டையில் நாய் வெடிச்சத்தத்துக்குப் பின்னால் வருகிறது. லாப்ரடாரும் ஸ்பானியலும் விழுந்ததைத் தேடி எடுத்துவருகின்றன. அவற்றைக் கொண்டுவருபவருக்குக் கிடைப்பது சிறு தினக்கூலி. பாயின்டர், செட்டர்களின் பின்னால் நடந்து சுடும் வேட்டையிலோ நாய் முன்னால் நிற்கிறது. நாயில்லாமல் வேட்டையே இல்லை. ஆயினும் அதே மூரில், அதே பறவை, நடந்து சுடுபவருக்குக் கணிசமாகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. பறவைக்கு விலை வைத்த முறையால் நாயின் திறமையை விலையாக மாற்ற முடியவில்லை. நடப்பவருக்கு அது லாபம். முறைக்கு அது தோல்வி.

அடுத்து ஜார்ஜியா. தாமஸ்வில், ஆல்பனி நகரங்களைச் சுற்றியுள்ள நீளிலைப் பைன் காடுகள் பாப்வைட் காடைக்குப் பேர்போனவை. ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் 1931-இல் வெளியிட்ட காடை ஆய்வு, கட்டுப்படுத்திய தீ இல்லாமல் இந்தக் காடும் இல்லை, காடையும் இல்லை என்பதை நிறுவியது. அந்த மரபில் 1958-இல் ஃபுளோரிடாவில் எழுந்த டால் டிம்பர்ஸ் ஆய்வுநிலையம் இன்றும் அதே பணியைச் செய்கிறது. அந்தத் தரத்தில் காட்டுக்காடை வளர்க்கும் பெருந்தோட்டங்களில் பெரும்பாலானவை தனியாருடையவை. அவை நாளை விற்பதில்லை. விற்கும் வணிகத் தோட்டங்கள் பெரும்பாலும் கூண்டில் வளர்த்த காடைகளை விடுகின்றன. கோவேறு கழுதை வண்டி, வண்டிக்குள் நாய்க்கூண்டுகள், இருவர் மட்டும் இறங்கிச் சுடும் ஒழுங்கு, விழுந்ததை எடுத்துவர ஒரு காக்கர் ஸ்பானியல் என்று சடங்கு அழகாகவே நடக்கிறது. கட்டணம் அரை நாளுக்கு. அதற்குள் துப்பாக்கிக்கு இத்தனை பறவை அடக்கம். மிஞ்சினால் பறவைக்கு இவ்வளவு.

இது இரண்டு அலகுகளின் கலப்பு. கலப்பு என்பதாலேயே அதைக் குறை சொல்ல முடியாது. கூண்டுப்பறவையை விலை கொடுத்து வாங்கி விட்டவருக்கு ஒவ்வொரு பறவையும் செலவு. அதற்கு விலை கேட்பது இயல்பான நியாயம். நாய், வழிகாட்டி, வண்டி ஆகியவற்றின் செலவு பொழுதோடு போகிறது. அதற்குப் பொழுதின் விலை. இவ்வளவில் முதல் அளவுகோலை இந்த முறை நன்றாகவே கடக்கிறது. அரை நாளாக விற்பதும் நாய்க்கு நல்லது. வெயில் ஏறும் முன் ஒரு குழுவும், தணிந்த பின் இன்னொன்றும் புறப்படலாம்.

குறை, அடக்கப்பட்ட எண்ணிக்கையில் இருக்கிறது. பன்னிரண்டு பறவை அடக்கம் என்று எழுதிவிட்டால் பன்னிரண்டும் வாடிக்கையாளரின் உரிமையாகத் தோன்றும். எட்டில் நின்றால் ஏமாந்ததாக நினைப்பார். வழிகாட்டியும் அதைத் தவிர்க்க, காலையில் பறவை விட்ட புதர்களுக்கே நாயை நேராக ஓட்டுவார். தேடல் போய் அறுவடை வந்துவிடுகிறது. கூண்டுக்காடை சரியாக எழாது. எழும்பும் முன்பே நாய் அதைப் பாய்ந்து கவ்வும். ஒருமுறை கவ்விப் பழகிய நாய் சுட்டி நிற்கும் பொறுமையை மெல்ல இழக்கும். இரண்டு ஆண்டில் வாங்கிய பயிற்சி ஒரு பருவத்தில் கரைகிறது. இந்த இழப்பு எந்தக் கட்டணப் பட்டியலிலும் ஒரு வரியாக இல்லை. பறவையின் விலையைத் துல்லியமாகக் கணித்த முறை, மலிவான பறவை நாயின் மேல் ஏற்றும் செலவைக் கணிக்கவில்லை.

காட்டுக்காடைக்காரர்களிடம் இதைவிட மேலான அளவு ஒன்று உண்டு. மணிக்கு எத்தனை காடைக்கூட்டம் எழுந்தது என்பதே அவர்கள் கணக்கு. சுட்டது எத்தனை என்று அவர்கள் கேட்பதில்லை. நாய் கண்டுபிடித்தது எத்தனை என்று கேட்கிறார்கள். நிலத்தின் நலமும் நாயின் மூக்கும் ஒரே எண்ணில் வெளிப்படும் அளவு அது. சுடுபவரின் கைத்தவறு அதைக் கெடுக்காது. ஆனால் தரத்தை மதிப்பிடும் அந்த அளவு, விலை அலகாக மாறவில்லை. மாறவும் கூடாது. எழும் கூட்டத்துக்கு விலை வைத்தால் எழுப்புவதே தொழிலாகிவிடும். அதே கூட்டத்தை மறுபடி மறுபடி எழுப்பிக் குளிரில் களைப்பிக்கவும் கை கூசாது. சில அளவுகள் மதிப்பிடுவதற்கு நல்லவை, விற்பதற்குத் தீயவை.

மூன்றாவது தெற்கு டகோட்டா. வணிக வெற்றியை மட்டும் பார்த்தால் இதற்கு நிகர் இல்லை. ஆசியாவிலிருந்து வந்த ஃபெசன்ட் 1919-இல் ஸ்பிங்க் மாவட்டத்தில் ஒரே ஒரு நாள் பருவத்தோடு வேட்டைப்பறவையானது. 1943-இல் மாநிலப் பறவையும் ஆனது. பொதுப்பருவம் அக்டோபரின் மூன்றாம் சனிக்கிழமை தொடங்குகிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று சேவல். பறவையைக் கூண்டிலிருந்து விடும் உரிமம் பெற்ற தனியார் வேட்டைநிலங்களுக்கோ செப்டம்பர் முதல் தேதியிலிருந்து மார்ச் இறுதி வரை பருவம். கட்டணம் பெரும்பாலும் ஆள் ஒன்றுக்கு: மூன்று நாள் வேட்டை, தங்கும் அறை, சாப்பாடு, வழிகாட்டி, நாய் எல்லாம் ஒரே தொகைக்குள் அடக்கம்.

இந்த முறையின் நிறை எளிமை. வருபவருக்குச் செலவு முன்பே தெரியும். பறவைக்குப் பறவை பேரம் இல்லை. உச்சவரம்பைச் சட்டமே வைத்துவிட்டதால் எண்ணிக்கை மிஞ்சும் கவலையும் இல்லை. செலவைப் பலர் பங்கிடுவதால் நடுத்தர வருமானக்காரருக்கும் எட்டும். அறுவடை முடிந்த சிற்றூர்களுக்கு அக்டோபரில் ஒரு வருமானம் வருகிறது. 1985-இன் வேளாண் சட்டம் தந்த நில ஓய்வுத் திட்டம் எங்கெல்லாம் புல்லை நிறுத்தியதோ, அங்கெல்லாம் ஃபெசன்ட் பெருகியது. வேட்டைக் கட்டணமும் அந்தப் புல்லுக்கு ஒரு மதிப்பைக் கூட்டி, அதை உழாமல் விட விவசாயிக்கு ஒரு காரணம் கொடுத்தது.

ஆயினும் முறை என்ற வகையில் நான்கில் இதுவே பலவீனமானது. ஆளுக்கு விலை என்றால் ஆள் கூடுவதில் லாபம். பத்துப் பேர் வரிசையாகச் சோளக்கொல்லையில் நடக்க, கொல்லையின் மறுமுனையில் சிலர் மறித்து நிற்க, நடுவில் நாய்கள் ஓடுகின்றன. தாழப் பறக்கும் பறவையைச் சுடாதே என்ற விதியை ஒவ்வொரு வழிகாட்டியும் காலையில் ஒப்பிக்கிறார். துப்பாக்கிகள் பெருகப் பெருக அந்த விதி மெலிகிறது, ஆபத்து நாய்க்கு. பத்துப் பேருக்கு மூன்று என்றால் முப்பது சேவல். பட்டியலில் வாக்குறுதி இல்லாவிட்டாலும் மனத்தில் இருக்கிறது. காட்டுப்பறவை அவ்வளவு தராத நாளில் கூண்டுப்பறவை ஈடுகட்டுகிறது. பத்து ஏக்கர் புல்லை ஆண்டு முழுக்க நிறுத்திவைப்பதைவிட ஒரு பெட்டிச் சேவலைத் திறந்துவிடுவது மலிவு. ஆகவே எந்தக் கட்டணம் புல்லைக் காக்கும் என்று நம்பப்பட்டதோ, அதுவே புல்லுக்கு மாற்றாகக் கூண்டை ஊக்குவிக்கவும் செய்கிறது. எது காட்டுச்சேவல், எது விட்ட சேவல் என்பதை ஒற்றைத் தொகை சொல்வதில்லை. மூன்றாவது அளவுகோலில் இம்முறை தேறவில்லை.

எண்ணைக் கண்டு சந்தை அஞ்சுவதற்கு இதே மாநிலம் சான்று. 1949 முதல் கோடைதோறும் சாலையோரத்தில் ஃபெசன்ட் குஞ்சுக்கூட்டங்களைக் கணக்கிட்டு வெளியிட்ட மாநிலத் துறை, 2020-இல் அதை நிறுத்தியது. குறைந்த எண் வெளியூர் வேட்டைக்காரரைத் தயங்கவைக்கிறது என்பது அப்போது பேசப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஸ்காட்லாந்தில் எண்ணிக்கை முடிந்த பிறகே நாள் விற்பனைக்கு வருகிறது. இங்கே விற்பனைக்கு இடைஞ்சலாகத் தோன்றியபோது எண்ணிக்கையே நின்றது. பிரிட்டிஷ் முறையை மேலே கடுமையாகச் சொன்னதால், இந்த ஒப்பீட்டில் அதற்குரிய பெருமையைக் கொடுத்துவிடுவதே நியாயம்.

நான்காவது, தனி வழிகாட்டியின் நாள்விலை. சொந்த நாய்கள், ஒரு பிக்கப் வண்டி, இரண்டு மூன்று பேருக்கு மேல் ஏற்காத ஒழுங்கு. அமெரிக்க மேற்கு மாநிலங்களில் இவர்களில் பலர் அரசுப் பொதுநிலத்தில் அழைத்துப்போகிறார்கள். நில மேலாண்மைத் துறையின் சிறப்பு அனுமதி பெற்று, வருமானத்தில் 3 விழுக்காட்டை அரசுக்குக் கட்டுகிறார்கள். இவர்கள் வைப்பது குழுவுக்கு நாளுக்கு இவ்வளவு என்ற விலை. இரண்டாவது ஆளுக்குச் சிறு கூடுதல், மூன்றாவதுக்கு இன்னும் சிறிது, நான்காவது ஆள் கிடையாது.

இந்த முறைக்கு ஒரு சட்டப்பொருத்தமும் உண்டு. அமெரிக்காவில் காட்டுப்பறவை நிலத்துக்காரருடையது அல்ல. மக்கள் சார்பில் மாநிலம் அதன் அறங்காவலர். 1896-இல் கீர் எதிர் கனெக்டிகட் வழக்கு இதை மாநிலத்தின் உடைமை என்ற அளவுக்கே கொண்டுபோனது. 1979-இல் ஹியூஸ் எதிர் ஓக்லஹோமா வழக்கு அந்த உடைமைக் கருத்தைத் தள்ளிவைத்தாலும், அறங்காவல் என்ற கருத்து நீடிக்கிறது. எனவே காட்டுப்பறவைக்குப் பறவைக்கணக்கில் விலை கேட்பவர் தமக்குரியது அல்லாததை விற்கிறார். விற்க உரிமை உள்ளவை மூன்றே: நிலத்தில் நுழைவு, தம் அறிவு, நாயின் உழைப்பு. நாள்விலை இந்த மூன்றையும் மட்டுமே விற்கிறது. செலவு நாளோடு போகிறது, விலையும் நாளோடு போகிறது. எண்ணிக்கையில் யாருக்கும் பணப்பங்கு இல்லாததால், தாழப் பறப்பதை விட்டுவிடவும், சிறுத்துப்போன கூட்டத்தை அப்படியே விட்டு நகரவும், களைத்த நாயைக் கூண்டில் ஏற்றவும் வழிகாட்டியின் கை கட்டப்படுவதில்லை.

நிறைகளைச் சொன்ன அதே கறார்த்தன்மையோடு குறைகளையும் சொல்ல வேண்டும். நாள்விலை இழப்பின் முழுப்பாரத்தையும் வாடிக்கையாளர் தலையில் இறக்குகிறது. வறண்ட ஆண்டில் வெறுங்கையோடு திரும்புபவரும் முழுத்தொகை கட்டுகிறார். திறமையற்ற வழிகாட்டிக்கு அது நல்ல மறைவிடம். பறவை இல்லை என்று சொல்லிவிட்டால் நாயின் குறை வெளியே தெரியாது. இருவர் மட்டும் என்பதால் தலைக்கு விழும் தொகை கூடி, எளிய வேட்டைக்காரர் வெளியே நிற்கிறார். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பறவை மறுபடி பெருக ஆகும் செலவு இந்த விலையில் இல்லாதது. பொதுநிலத்துக்குக் கட்டும் 3 விழுக்காடு அனுமதிக்கான விலை; புல்லுக்கான விலை அல்ல. பருவம் முழுக்க அதே பள்ளத்தாக்கின் அதே கூட்டங்களைத் தட்டி எழுப்பும் வழிகாட்டி, பிரிட்டனின் கேம்கீப்பர் ஆண்டு முழுக்க மூரில் செய்யும் உழைப்பில் ஒரு பங்கும் செய்யாமல் பலனை மட்டும் எடுத்துப்போகிறார்.

பட்டியலின் ஓரத்து வரிகளையும் திறனாய்வு விட்டுவிட முடியாது. முறையின் மறைமுகங்கள் அங்கேதான் இருக்கின்றன. அமெரிக்க விடுதிகளில் வழிகாட்டிக்கு டிப்ஸ் ஏறக்குறைய கட்டாயம். தம் நாய்களைத் தாமே கொண்டுவரும் ஒப்பந்த வழிகாட்டிக்கு விடுதி தரும் தினக்கூலி நாய்ச்செலவுக்கே போய்விடும்போது, அவர் குடும்பம் வாழ்வது டிப்ஸில். பறவை விழுந்தால் தாராளம், விழாவிட்டால் சிக்கனம் என்பது மனித இயல்பு. ஆகவே முன்வாசலில் மறுத்த பறவைவிலை பின்வாசலில் நுழைகிறது. கட்டணத்தில் வழிகாட்டியின் கூலியை முழுமையாகச் சேர்த்து எழுதுவதே நேர்மை. சொந்த நாயோடு வருபவருக்குக் கழிவு தரலாமா என்ற கேள்வியும் உண்டு. அந்த நாய் வந்தாலும் வழிகாட்டி தம் பட்டாளத்தை வீட்டில் விட்டுவர முடியாது. செலவு குறையாததால் கழிவு மறுப்பது சரியே. ஆனால் பழகாத நாயால் கூட்டம் கலைந்த நாளுக்கு வழிகாட்டி பொறுப்பல்ல என்பதும் எழுதப்பட வேண்டும்.

தேதி மாற்றும் விதி எல்லாவற்றையும்விட முக்கியமானது. 2003-இல் தெற்கு டகோட்டாவின் தொடக்க வார இறுதியில் கடும் வெயிலில் ஏராளமான வேட்டைநாய்கள் சுருண்டு இறந்தன. நூற்றுக்கு மேல் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. பணம் கட்டியாயிற்று, விடுப்பு எடுத்தாயிற்று, தேதி மாறாது என்ற நிலையில் நாயை ஓட்டாமல் இருக்கும் மனத்திடம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வெயில் ஏறினால் பிற்பகல் வேட்டை நின்றுவிடும், அந்த அரை நாள் வேறு தேதிக்கு மாறும் என்ற ஒரு வரி, பட்டியலில் உள்ள வேறெந்த வரியையும்விட நாயின் உயிருக்கு அருகில் இருக்கிறது. அதை எழுதாத பட்டியல், தொகையில் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், குறைப்பட்டதே.

தீர்ப்பு இது. ஒத்திசைவில் பிரிட்டன் முதலிடம். ஆனால் அதன் அலகு நாயைக் காணவில்லை, நிலத்தை அழுத்துகிறது. செலவுப் பொருத்தத்தில் ஜார்ஜியா நன்று. அடக்கிய எண்ணிக்கை என்ற ஒரு பிழையை நீக்கி, விட்ட பறவையைத் தனி வரியில் அதன் அடக்கவிலைக்கு எழுதினால் அது கூண்டுப்பறவை வேட்டைக்கான சரியான முறையாகும். தெற்கு டகோட்டாவின் ஆள்விலை வணிகச் சாதனை, முறைமைச் சாதனை அல்ல. காட்டுப்பறவைக்குத் தனி வழிகாட்டியின் நாள்விலையே சரி. அதற்கு இரண்டு திருத்தங்கள் வேண்டும்: வாழிடத்துக்கென்று ஒரு பங்கு தனி வரியாகப் பட்டியலில் ஏற வேண்டும், சென்ற பருவத்தில் மணிக்கு எத்தனை கூட்டம் எழுந்தது என்ற எண்ணை வழிகாட்டி முன்கூட்டியே வெளியிட வேண்டும். முதல் திருத்தம் நிலத்தின் கடனைத் தீர்க்கிறது. இரண்டாவது, திறமையற்றவரின் மறைவிடத்தை இடிக்கிறது. விற்கக் கூடாத அளவு, மதிப்பிடும் தன் வேலைக்குத் திரும்புகிறது. தலைக்கு விழும் தொகை அதிகம் என்ற குறை நீங்காது. அதை நீக்க ஆட்களைக் கூட்டினால் நாய்க்கு ஆபத்து கூடும். அந்த விலைக்கு அந்தச் சலுகை தகாது.

எந்தக் கட்டணப் பட்டியலையும் சோதிக்க ஒரு கேள்வி போதும். ஒரு பறவையும் விழாமல், ஆனால் நாய் நன்றாக வேலை செய்து முடிந்த நாளில், அந்தத் தொகையை வாங்க வழிகாட்டிக்கும் கொடுக்க வாடிக்கையாளருக்கும் கூச்சம் வருமா? பறவைவிலையைக் கறாராகப் பின்பற்றினால் தொகையே எழாது, உழைப்பு மட்டும் வீணாகும். அடக்க எண்ணிக்கையில் சண்டை எழும். ஆள்விலையில் முணுமுணுப்போடு பணம் கைமாறும். திருத்திய நாள்விலை ஒன்றில்தான் கேள்விக்கு இடமில்லை. அங்கே விற்கப்பட்டது எதுவோ அது முழுமையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது.